திங்கட்கிழமைதோறும் ஒழுகிய லோடர்

ஓய்வுபெற்றோர் சங்கத்தின் ஆண்டு மலருக்கு என்னையும் எழுதச் சொல்லிவிட்டார்கள். "உங்க சர்வீஸ்ல நீங்க செஞ்ச சாதனை ஏதாவது ஒண்ணு" என்று செயலாளர் துவாரகாவில் என் பிளாட்டுக்கே வந்து சொல்லிவிட்டுப் போனார். மற்றவர்கள் பாலம் கட்டியதையும் ரோடு போட்டதையும் எழுதுவார்கள். நான் மெக்கானிக். எனக்குத் தெரிந்ததெல்லாம் ஒழுகல்தான். எங்கே ஒழுகுகிறது, ஏன் ஒழுகுகிறது, எதை மாற்றினால் நிற்கும். அதிலும் எனக்கு நன்றாக நினைவிருப்பது நானே உண்டாக்கிய ஒரு ஒழுகல். சாதனை வேண்டுகிறவர்கள் இப்போதே பக்கத்தைப் புரட்டிவிடலாம், எனக்கு வருத்தமில்லை.

எழுபதுகளின் கடைசியில், திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து ஐ.டி.ஐ. சர்டிபிகேட்டும் ஒரு டிரங்குப் பெட்டியுமாக டெல்லி வந்து இறங்கினேன். மூன்று வருஷம் ரோடு ரோலருக்கு கிரீஸ் வைத்தேன், இந்தி கற்றேன், குளிரில் நடுங்கினேன். என் பயிற்சிக் காலம் அவ்வளவுதான். எங்கள் துறையின் மெஷின் யார்டு நாராயணா பக்கம் இருந்தது. நான் அங்கே தற்காலிக ஊழியன். தற்காலிகம் என்றால் எந்த மாதமும் "நாளையிலிருந்து வர வேண்டாம்" என்று சொல்லலாம் என்று அர்த்தம்.

எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு குளிர்காலம், லாரியில் ஒரு விநோத வண்டி வந்து இறங்கியது. சாணக்யபுரியில் தூதரகம் கட்டிய வெளிநாட்டுக்காரர்கள் வேலை முடிந்ததும் விட்டுப்போன ஸ்கிட் ஸ்டீயர் லோடர். ஒரு மாருதி கார் அளவுதான் இருக்கும். சக்கரம் எதுவும் திரும்பாது. ஒரு பக்கத்துச் சக்கரங்களை நிறுத்தி மறுபக்கத்தை ஓட்டினால், நின்ற இடத்திலேயே சுற்றும். முன்னால் மண் அள்ள ஒரு வாளி. அதைத் தூக்க இரண்டு பக்கமும் இரண்டு இரும்புக் கைகள். டிரைவர் தலைக்கு மேல் ஒரு இரும்புக் கூண்டு. கைகளைத் தூக்குவது, இறக்குவது, வண்டி ஓடுவது எல்லாமே எண்ணெயின் அழுத்தத்தால்தான். அதைத்தான் ஹைட்ராலிக் என்பார்கள். வாளி காலியாக இருக்கும்போது பிரேக் போட்டால் வண்டி முட்ட வருவதுபோல் குதிக்கும். அதனால் பஞ்சாபி மெக்கானிக்குகள் அதற்கு 'பக்ரி', ஆடு, என்று பெயர் வைத்தார்கள்.

பக்ரி வந்த அன்றே கொட்டகைத் தரை எண்ணெயில் நனைந்தது. "கண்டம் பண்ணி ஏலத்துல விட்டுடலாம்" என்று மேலதிகாரிகள் சொன்னார்கள். கண்டம் என்றால் 'இனி உதவாது' என்று எழுதித் தள்ளுவது. "ஆறு வாரம் குடுங்க, ஒழுகல் நிக்கலைன்னா ஏலத்துல விட்டுக்குங்க" என்று எழுதிக் கொடுத்தவர் எங்கள் ஃபோர்மேன் ரங்கசாமி சார்.

இதில் என் கதை எங்கே வருகிறது என்றால், எங்கள் துறையில் ஒரு மெஷின் இருந்தால்தான் அதற்கு ஒரு மெக்கானிக் போஸ்ட். பக்ரிக்கென்று ஒரு நிரந்தர போஸ்ட் ஒப்புதல் ஆகியிருந்தது. அதில் சுடலைமுத்து என்று என் பெயரை எழுதி ஃபைல் மேலே போயிருந்தது. பக்ரி பிழைத்தால் நான் நிரந்தரம். பக்ரி இரும்புக் கடைக்குப் போனால் நான் திருநெல்வேலி எக்ஸ்பிரஸுக்கு. கல்யாணமாகி எட்டு மாதம். மனைவி செல்லம் முனிர்காவில் ஒரு மொட்டைமாடி அறையில் புதுக்குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தாள்.

ரங்கசாமி சாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். கோயம்புத்தூர்க்காரர், ராணுவ ஒர்க்‌ஷாப்பில் இருந்துவிட்டு வந்தவர். கஞ்சி போட்ட காக்கி, பையில் வெள்ளைக் கைக்குட்டை, இன்னொரு பையில் பல் டாக்டர் வைத்திருப்பது போன்ற ஒரு சின்னக் கண்ணாடி. ஒரு மெஷின் வந்தால் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு அதை மூன்று தடவை சுற்றி வருவார். யாராவது ஸ்பேனரை எடுத்தால் போதும்.

"வெச்சிருப்பா அதைய. மொதல்ல கண்ணு, அப்பறம் துணி, கடைசிலதான் ஸ்பேனர்."

கோபம் வந்தால் கத்தமாட்டார். 'ஏப்பா' 'ஏனுங்க தம்பி' ஆகிவிடும். அவர் 'ங்க' போட்டாலே யார்டில் எல்லோரும் வேலையைக் கவனிப்பார்கள்.

அவர் ஒழுகல் பார்க்கும் முறை இப்படி. முதலில் மெஷினை டீசலும் பிரஷ்ஷும் வைத்துக் கழுவ வேண்டும். அப்புறம் பழந்துணியால் ஒரு ஈரம் இல்லாமல் துடைக்க வேண்டும். பிறகு மேலெல்லாம் மெல்லிசாகப் பவுடர் தூவ வேண்டும். இருபது நிமிஷம் எஞ்சினை ஓடவிட்டு எண்ணெய் சூடானதும், கைகளை மேலே கடைசி வரை தூக்கி, அழுத்தம் ஏறிக் கிறீச்சிடும் வரை பிடித்து வைக்க வேண்டும். பவுடரில் எங்கே முதலில் கருப்பாகக் கோடு விழுகிறதோ அதுதான் ஒழுகல். "சொட்டற எடம் வேற, ஒழுகற எடம் வேற. எண்ணெய் கீழ வரும், காத்துல பின்னால போகும். நீ கோட்டைப் புடிச்சிட்டு மேல போகோணும்" என்பார். குழாய்ப் பக்கம் கையை வைக்கவே விடமாட்டார், ஒரு அட்டைத் துண்டைத்தான் நீட்ட வேண்டும். கண்ணுக்குத் தெரியாத ஓட்டையிலிருந்து பீறிடும் எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். ராணுவத்தில் அப்படி ஒருவன் விரலை எடுக்க வேண்டியதாயிற்று என்று சொல்லும்போது மட்டும் அவர் குரல் இறங்கும்.

பவுடர் ஸ்டோரில் கிடையாது. செல்லத்தின் முகப்பவுடர் டப்பாவை எடுத்துப் போனேன்.

"எனக்கு இல்லாத பவுடர் அந்த ஆட்டுக்கா?" என்றாள்.

"அது நல்லா இருந்தாத்தான் நாம நல்லா இருப்போம்" என்றேன். யோசிக்காமல் சொன்ன வார்த்தை. அவள் அதை மனசில் வைத்துக்கொண்டாள் என்று எனக்கு அப்போது தெரியாது.

இரண்டு வாரத்தில் ஆறு ஒழுகல் பிடித்தோம். கை தூக்கும் சிலிண்டர் இரண்டிலும் வாய் சீல் போயிருந்தது. ஒரு ரப்பர் குழாய் முனையில் வெடித்திருந்தது. ஒரு இரும்புக் குழாய், கிளாம்புக்கு அடியில் உராய்ந்து உராய்ந்து மயிரிழை விரிசல். அதை சாரின் கண்ணாடிதான் காட்டியது. மற்ற இரண்டும் வால்வில் இருந்த ரப்பர் வளையங்கள். எல்லாம் இஞ்ச் அளவு. காஷ்மீரி கேட்டில் கடை கடையாக ஏறி இறங்கினேன். ஒரு கிழட்டு சேட், பழைய வளையத்தைக் கையில் வாங்கி உருட்டிப் பார்த்து, எந்த அளவும் எடுக்காமல் ஒரு டப்பாவுக்குள் கையை விட்டுப் புது வளையம் எடுத்துக் கொடுத்தார். கச்சிதமாக உட்கார்ந்தது.

வெள்ளிக்கிழமை பக்ரி சொட்டு விடாமல் நின்றது. சனிக்கிழமை அரை நாள் வேலை. அன்று மதியமும் தரை காய்ந்து கிடந்தது. சார் கைக்குட்டையால் சிலிண்டரைத் துடைத்து, கைக்குட்டை வெள்ளையாகவே இருப்பதைப் பார்த்து, அதை மடித்துப் பையில் வைத்தார். அவருக்கு அதுதான் சிரிப்பு.

திங்கட்கிழமை காலையில் போனால் பக்ரிக்கு அடியில் எண்ணெய்!

மண் தரை, ஏற்கெனவே டீசலும் பழைய ஆயிலும் ஊறிய இடம், அதன் மேல் ஒரு முறம் அகலத்துக்கு ஈரம். எப்படியும் ஒரு லிட்டர் போயிருக்கும் என்று தோன்றியது. டேங்கில் ஒரு லிட்டர் ஊற்றிவிட்டு, நோட்டில் 'குறைவு ஒரு லிட்டர்' என்று எழுதினேன்.

இங்கேதான் என் தவறு. அந்த டேங்கில் மட்டம் பார்க்கும் கண்ணாடி உடைந்துபோய் யாரோ தகரம் வைத்து அடைத்திருந்தார்கள். சைக்கிள் ஸ்போக்கை நிமிர்த்தி, அரத்தால் கோடு போட்டு ஒரு அளவுக்குச்சி செய்து என்னிடம் கொடுத்திருந்தார் சார். தினமும் காலையில் அதை டேங்குக்குள் விட்டு, பார்த்ததை எழுத வேண்டும். டேங்க் மூடியோ சீட்டுக்குப் பின்னால், கூண்டுக்குள் தலைகீழாகக் கவிழ்ந்து திறக்க வேண்டிய இடத்தில் இருந்தது. டெல்லி ஜனவரியில் ஐஸ் மாதிரிக் குளிர்ந்த இரும்பில் நெஞ்சை வைத்துக் கவிழ்வதற்கு எனக்குப் பிரியமில்லை. ஊற்றுவதற்குப் பக்கத்தில் வேறு துவாரம் இருந்தது. தரையைப் பார்த்தேன், கணக்குப் போட்டேன், எழுதினேன்.

செவ்வாய் முதல் சனி வரை ஒரு சொட்டு இல்லை. அடுத்த திங்கள், மறுபடி எண்ணெய். மறுபடி ஒரு லிட்டர். அதற்கடுத்த இரண்டு திங்களும் அப்படியே. பஞ்சாபி மெக்கானிக்குகள் பந்தயம் கட்டும் அளவுக்கு வந்துவிட்டார்கள். "மதராசி மெஷின், சண்டே லீவுல தனியா இருந்தா அழுவுது" என்றான் ஒருவன்.

ஆறாவது வாரம் புதன்கிழமை இன்னொரு கூத்து. எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போதே பின்பக்கம், பம்ப் இருக்கும் இடத்தில், எண்ணெய் வழிந்தது. பம்ப் சீல் போய்விட்டது என்று முடிவு கட்டினோம். அந்த வண்டியில் பம்ப்பைக் கழற்ற வேண்டுமானால் எஞ்சினையே தூக்க வேண்டும். செயின் கட்டி, மரக்கட்டை முட்டுக் கொடுத்து, மூன்று நாள் வேலை. கழற்றிப் பார்த்தால் சீல் புதுப்பெண் மாதிரி இருந்தது. சார் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முதல் தடவையாக அவர் முகத்தில் பயத்தைப் பார்த்தேன். ஆறு வாரம் என்று எழுதிக் கொடுத்தவர் அவர். அடுத்த திங்களன்று வண்டியைப் பரிசோதிக்க ஒரு கமிட்டி வருவதாக உத்தரவும் வந்துவிட்டது.

பம்ப்பைத் திரும்ப மாட்டி முடித்த சனிக்கிழமை காலை அவர் என் நோட்டை வாங்கிப் புரட்டினார்.

"நாலு திங்கக்கெழமை, நாலு லிட்டர் ஊத்தியிருக்கறே. குச்சி உட்டுப் பாத்தியா?"

நான் கையிலிருந்த பழந்துணியால் வாளியைத் துடைக்க ஆரம்பித்தேன்.

"ஏனுங்க தம்பி, குச்சி உட்டுப் பாத்தீங்களா?"

'ங்க' வந்துவிட்டது. கூண்டுக்குள் கவிழ்ந்து குச்சியை விட்டேன். கோடு எல்லாவற்றையும் தாண்டி, பிடி வரை எண்ணெய். டேங்க் கழுத்து முட்ட நிறைந்திருந்தது. குறையவே குறையாத டேங்கில் வாரா வாரம் ஒரு லிட்டர் ஊற்றியிருக்கிறேன். எண்ணெய் சூடானதும் விரிந்து, டேங்க் மூச்சுவிடும் துவாரம் வழியாக வெளியேறி, பின்னால் பம்ப்பின் மேல் வழிந்திருக்கிறது. நான் உண்டாக்கிய ஒழுகலுக்காக எட்டுப் பேர் சேர்ந்து எஞ்சினைத் தூக்கியிருக்கிறோம்.

"டேங்குல கொறையல. கீழ எண்ணெய் இருக்குது. அப்ப அது எவன் ஊட்டு எண்ணெய்?" என்றார் சார். அன்று மதியம் வரை அரைமணிக்கு ஒருமுறை நான் குச்சியை விட்டு அளவை உரக்கச் சொல்ல வேண்டும் என்பது தண்டனை. பஞ்சாபிகள் சுற்றி நின்று கோரஸாகத் திருப்பிச் சொன்னார்கள்.

வீட்டுக்குப் போவதற்கு முன், உபரி எண்ணெயை வடித்து, பக்ரியை உச்சி முதல் பாதம் வரை கழுவித் துடைத்து, மிச்சமிருந்த பவுடர் முழுவதையும் கூண்டின் மேல்பகுதி உட்படத் தூவி விட்டோம். வெள்ளை வெளேரென்று நின்றது. யார்டின் இரவுக் காவலாளி, சௌகிதார் ராம்பிரசாதைக் கூப்பிட்டு, "யாரும் தொடக் கூடாது" என்று சார் எச்சரித்தார். "தொடவே மாட்டாங்க, சாகிப்" என்று அவன் சத்தியம் செய்தான்.

வழக்கம்போல் அன்று சாயங்காலம் ஐ.என்.ஏ. மார்க்கெட்டுக்குப் போய் வாரச் சாமான் வாங்கினேன். அரிசி, புளி, நல்லெண்ணெய். கொஞ்ச நாளாக நல்லெண்ணெய் மட்டும் சீக்கிரம் தீர்ந்தது. போன வாரம்தான் கேட்டிருந்தேன்.

"என்ன செல்லம், எண்ணெய் இவ்வளவு ஜல்தி தீருது?"

"குளிருல்லா, தலை காயுது" என்றாள். நம்பினேன். ஊர் மெஷின் ஒழுகலெல்லாம் பிடிக்கிற எனக்கு வீட்டு ஒழுகல் பிடிபடவில்லை.

திங்கள் காலை நான் போய்ச் சேரும் முன்பே கமிட்டி வந்து நின்றது. தலைவர் மல்ஹோத்ரா சாகிப். மெஷின்களைக் கண்டம் பண்ணுவதில் பேர் போனவர். சட்டைப் பையில் சிவப்புப் பென்சில். சார் பக்ரிக்கு முன்னால், கைகளை முதுகில் கட்டிக்கொண்டு, கல்லாக நின்றிருந்தார்.

வெள்ளைப் பவுடரில் எண்ணெய்க் கோடு பளிச்சென்று தெரிந்தது. தரையிலிருந்து இரும்புக் கைக்கு, கையிலிருந்து கூண்டின் தூணுக்கு, தூணிலிருந்து கூண்டின் உச்சிக்கு. அங்கே ஹைட்ராலிக் குழாய் எதுவும் கிடையாது. அங்கே எண்ணெய் வர வேண்டுமானால் ஆகாயத்திலிருந்துதான் வர வேண்டும். சார் ஒரு ஸ்டூலைப் போட்டு ஏறினார். விரலால் தொட்டார், முகர்ந்தார், கொஞ்சம் நாக்கில் வைத்துப் பார்த்தார். ஸ்டூல் மேலிருந்தே என்னைப் பார்த்து,

"ஏனுங்க தம்பி, இது நல்லெண்ணெயில்லீங்களா?" என்றார்.

யார்டில் இருந்த மற்ற எல்லோர் வீட்டிலும் கடுகெண்ணெய். நல்லெண்ணெய் வாங்குகிற தமிழ் வீடு இரண்டுதான், அவருடையதும் என்னுடையதும். கூண்டின் உச்சியில் கொஞ்சம் கருப்பு எள்ளும் ஒரு குங்குமப் பொட்டும் வேறு இருந்தன. எனக்குத் தலை காய்ந்த விஷயம் விளங்கிவிட்டது.

ராம்பிரசாத் கைகூப்பிக்கொண்டு முன்னால் வந்தான். பெருமையாகவே சொன்னான். "முத்து பையாவோட வீட்டம்மா, சாகிப். ஒவ்வொரு சனிக்கிழமை சாயங்காலமும் பஸ் புடிச்சு வருவாங்க. சனி பகவானுக்கு எண்ணெய். நல்ல பக்தி. நாங்க யாரும் தொடல."

செல்லத்துக்கு அப்போது தெரிந்த இந்தி நாலு வார்த்தை. பையா, சனிவார், தேல், அச்சா: அண்ணா, சனிக்கிழமை, எண்ணெய், நல்லது. அதை வைத்தே காரியத்தை முடித்திருக்கிறாள். என் மாமனார் எனக்கு ஏழரைச் சனி என்றும், இரும்பில் எண்ணெய் விட்டால் வேலை நிலைக்கும் என்றும் இன்லேண்ட் லெட்டர் போட்டிருந்தாராம். நான் மார்க்கெட்டில் எண்ணெய் வாங்குகிற நேரத்தில் அவள் யார்டில் எண்ணெய் ஊற்றியிருக்கிறாள்.

பூமி பிளந்து என்னை உள்ளே இழுத்துக்கொள்ளாதா என்றிருந்தது. மல்ஹோத்ரா சாகிப் எள்ளைப் பார்த்தார், குங்குமத்தைப் பார்த்தார், இரண்டடி பின்னால் நகர்ந்தார். செருப்பைக் கழற்றுவதா வேண்டாமா என்று தயங்கியது தெரிந்தது. சிவப்புப் பென்சிலைப் பையில் வைத்துவிட்டுப் பேனாவை எடுத்தார்.

"பாஸ் போட்டுடறேன். சனி மகராஜுக்கு எண்ணெய் விட்ட இரும்பை நான் ஏலத்துல விடமாட்டேன், பாயி. என் பொண்ணுக்குக் கல்யாணம் பேசிட்டிருக்கோம்."

என் போஸ்ட் அந்தப் பேனா முனையில் இருந்தது. ஒரு கையெழுத்து, அவ்வளவுதான். சந்தோஷத்தில் எனக்குக் கண் கலங்கியது. அந்த நேரத்தில் ரங்கசாமி சார் ஸ்டூலை விட்டு இறங்கி, "நோ சார்" என்றார்.

எல்லோரும் அவரைப் பார்த்தோம்.

"டெஸ்ட் பண்ணாம நான் கையெழுத்து வாங்கமாட்டேன். லோடு வையுங்க. நின்னா பாஸ் போடுங்க, எறங்குனா கண்டம் பண்ணுங்க."

நான் அவர் காதருகே போய், "சார், போஸ்ட் சார், என் போஸ்ட்" என்றேன்.

"சும்மா இருப்பா. ஆறு வாரம் நாயா பேயா வேலை செஞ்சிருக்கறோம். இதைய ஒரு டம்ளர் எண்ணெய்க்குக் குடுத்தர்றதா?"

வாளி நிறைய ஈர மணல் போட்டோம். எஞ்சினை ஓட்டி, சூடேற்றி, கைகளை உச்சிக்குத் தூக்கி, எஞ்சினை நிறுத்தினோம். சிலிண்டர் தண்டு வெளியே வரும் இடத்தில் சார் சாக்பீஸால் ஒரு கோடு போட்டார். அடியில் செய்தித்தாள் விரித்தோம். அரைமணி நேரம். உள்ளே எங்காவது கசிந்தால் கை மெல்ல இறங்கும், கோடு காட்டிக் கொடுத்துவிடும். மல்ஹோத்ரா சாகிப் பாதுகாப்பான தூரத்தில் நாற்காலி போட்டு டீ குடித்தார். பஞ்சாபிகள் இந்த முறை பந்தயம் கட்டவில்லை. நான் அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். அதற்கு முன்னும் பின்னும் நான் எதையும் அப்படிப் பார்த்ததில்லை, என் மகன் பிறந்தபோதுகூட.

அரைமணி ஆனதும் சார் ஸ்கேலை வைத்து அளந்தார். கோடு நகர்ந்தது ஒரு தீக்குச்சித் தலை அளவு. அனுமதித்ததில் கால்வாசிகூட இல்லை. செய்தித்தாளில் ஒரு சொட்டு இல்லை. மல்ஹோத்ரா சாகிப் கையெழுத்துப் போட்டார். போகிற போக்கில் யாரும் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டு கூண்டின் தூணைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

எல்லோரும் போனபின் சார் என்னைக் கூப்பிட்டார்.

"சுடலைமுத்து, உன்ற சம்சாரத்துகிட்டப் போயிச் சொல்லோணும். மெஷினு நின்னது என்ற சீலுல, நீ தேச்ச தேய்ப்புல. நல்லெண்ணெயில இல்ல. தெளிவாச் சொல்லோணும். என்ன?"

"சொல்லிடுதேன் சார்."

பஸ்ஸில் அதைத்தான் மனப்பாடம் செய்துகொண்டு போனேன். யார்டே சிரிக்கும்படி ஆக்கிவிட்டாளே என்ற கோபமும் சேர்ந்துகொண்டது. நல்ல நல்ல வசனமாகத் தயார் செய்து வைத்திருந்தேன். மாடியேறிக் கதவைத் தள்ளினால், அறையில் பாத்திரமெல்லாம் சாக்கில் கட்டியிருந்தது. டிரங்குப் பெட்டி திறந்து கிடந்தது. துணி பாதி உள்ளே, பாதி வெளியே. செல்லம் அதன் பக்கத்தில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் பல்லில் படவில்லை என்பது முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

"நின்னுச்சா?" என்றாள்.

"நின்னுட்டு. போஸ்ட் உறுதி."

கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். கண்ணில் தண்ணீர் கொட்டியது. முந்தானையால் துடைத்துக்கொண்டு, "ஒரு காரியம் செஞ்சேன். சொன்னா ஏசுவீய" என்று ஆரம்பித்தாள். ஐந்து சனிக்கிழமை, மொழி தெரியாத ஊரில், இரண்டு பஸ் மாறி, கையில் எண்ணெய்த் தூக்குடன் அந்தக் குளிரில் அவள் போய் வந்ததை நான் அப்போதுதான் நினைத்துப் பார்த்தேன். மனப்பாடம் செய்ததெல்லாம் மறந்துபோயிற்று.

"எல்லாம் தெரியும்ட்டி. நீ ஊத்துனதாலதான் நின்னுச்சு. சாப்பிடு மொதல்ல" என்றேன்.

மறுநாள் காலை யார்டு கேட்டிலேயே ரங்கசாமி சார் காத்திருந்தார்.

"சொல்லிட்டியா?"

"சொல்லிட்டேன் சார்."

"ஒத்துக்கிட்டாங்களா?"

"உடனே ஒத்துக்கிட்டா சார்."

"படிச்ச புள்ள போலிருக்குது" என்று சொல்லிவிட்டு, கைகளை முதுகில் கட்டிக்கொண்டு, திருப்தியாக உள்ளே போனார்.